எக்ஸ்-ரே கருவியும் எருவின் சத்தும்

திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த சமவெளியில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருவது யாவரும் அறிந்ததே. ஆதியில் ஆவாரம்பட்டை முதலியவற்றால் தோல் பதனிடப்பட்டது. பின்னர் குரோமிய உப்பு வழக்கத்திற்கு வந்தது. கழிவுநீர் பரவிய இடங்களில் நிலமும் கிணற்று நீரும் கெட்டன. ஆகவே, தம் நிலத்தில் குரோமியம் ஏறியுள்ளதா என அறியக் குடியானவர்கள் விரும்புவது இயல்பே. இதற்கு எக்ஸ்-ரே ஒளிர்வுக் கருவி மிக்க உதவி புரியும். ஆயினும் எருவின் தரத்தையும் அதனாலேயே நிச்சயிக்க முற்படுதல் நஷ்டத்திற்கு இடமாகும்.

இக்கருவி மண்ணின்மீது எக்ஸ்-கதிரைச் செலுத்துகிறது. அதனால் தூண்டப்பட்ட ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கதிரை வெளிவிடும். இக்கதிருக்கும் மூலகத்தின் வரிசை எண்ணுக்கும் உள்ள தொடர்பை மோஸ்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1913-ல் விளக்கினார். குரோமியம், ஈயம், துத்தநாகம் போன்ற கனமான மூலகங்களின் கதிர் வலிமையுள்ளது. கரி (எண் 6), நைட்ரஜன் (7), ஆக்ஸிஜன் (8) ஆகியவற்றின் கதிரோ மிகவும் நலிந்தது. அற்ப அளவு காற்றே அதனை விழுங்கிவிடும். ஹைட்ரஜனுக்கு அத்தகைய கதிரே கிடையாது. கையில் ஏந்தும் கருவிகள் பொதுவாக மக்னீஸியம் (12) முதற்கொண்டே காட்ட வல்லன.

தொழுவுரம், தழையுரம், மக்கு ஆகியவற்றின் பெரும்பகுதி அந்த இலேசான மூலகங்களாலேயே ஆனது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலையும் குரோமியத் தோலையும் இக்கருவியில் வைத்தால், பின்னதிலுள்ள குரோமியத்தைக் கூறும். முன்னதிலுள்ள துவர்ப்புப் பொருளைப் பற்றி ஒன்றும் கூறாது. எருவின் தழைச்சத்தும் அவ்வாறே அதன் கண்ணுக்குத் தப்பும். மண்ணுக்கென அளவு திருத்திய கருவியில் ஈரமான எருவை வைத்தால், உலோகக் கணக்கும் பிசகும்.

இன்னுமொன்று கவனிக்கற்பாலது. கருவி காட்டுவது மொத்தக் குரோமியமே. அது தீங்கு குறைந்த மூவலுக் குரோமியமா, நீரில் எளிதிற் கரைந்து பரவும் கொடிய அறுவலுக் குரோமியமா என்பதை ரஸாயனப் பரீக்ஷையே தெரிவிக்கும்.

மண்ணின் கரிமச் சத்தை அறிய 1934-ல் வெளிவந்த வாக்லி-பிளாக் முறையும், எருவின் மொத்தத் தழைச்சத்தை அறிய 1883-ல் தோன்றிய கெல்டால் முறையும் உள்ளன. கரிமம் நூற்றுக்கு 0.5-க்குக் குறைந்தால் நிலம் மெலிந்தது எனக் கொள்க. வயலில் 10 அல்லது 15 இடங்களில் மேல்மண்ணை அரை அடி ஆழம் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புதல் நலம். எரு வாங்குவோர் எக்ஸ்-ரே சீட்டு ஒன்றையே நம்பிப் பணம் கொடாதிருக்கும்படி கிராம அலுவலர்கள் எடுத்துரைத்தல் வேண்டும். விஷம் உண்டா என்பது ஒரு கேள்வி. சத்து உண்டா என்பது வேறு கேள்வி.