பிரயாணியும் சிறுகடை உணவும்

இலங்கைத் தீவைச் சுற்றிப் பார்க்க வருவோர் சிகிரியாவின் ஓவியங்களையும், அநுராதபுரத்தின் தூபிகளையும், திருகோணமலைத் துறைமுகத்தின் எழிலையும் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும் அவர்களுட் பலர் தாம் தங்கும் விடுதியின் போசனசாலையிலேயே மூன்று வேளையும் உண்டு திரும்பிவிடுகின்றனர். ஒரு நாட்டு மக்கள் அன்றாடம் உண்பதை உண்ணாது சென்றவர் அந்நாட்டைப் பாதியே கண்டவராவர்.

இங்கே தெருவோரங்களில் ‘ஹோட்டல்’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டு, தங்குவதற்கு அறை கிடைக்குமென எண்ணி நுழைவோர் ஏமாறுவர். இந்நாட்டு வழக்கில் அச்சொல் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடையையே குறிக்கும். மரக்கறி உணவு மட்டும் வழங்குவதைச் சைவக் கடை என்பர்.

இக்கடைகளில் முதலில் அறியவேண்டியது வேளையாகும். காலையில் இடியப்பமும் பிட்டும், அவற்றுடன் சொதியும் சம்பலும் கிடைக்கும். நண்பகல் சோற்றுக்குரியது, பருப்பும் கீரையும் மரக்கறிகளும் சூழ, மீனோ இறைச்சியோ கேட்டால் தனியே வரும். அப்பமும் கொத்து ரொட்டியும் பெரும்பாலும் மாலைக்குரியன. அப்பமா கரைத்தவுடன் சுடத்தக்கதன்று. பொங்கிவரப் பல மணி நேரம் வேண்டும். முற்காலத்தில் கள்ளைச் சேர்த்து அதனைப் பொங்கச் செய்தனர். இன்று பல கடைகளில் ஈஸ்ட் அவ்வேலையைச் செய்கிறது. நண்பகலில் அப்பம் கேட்டு, இல்லையென்று கேள்விப்படுவோர் கடைக்காரரைக் குறைகூறுதல் பொருந்தாது.

புதியவரைத் திகைக்கச் செய்யும் வழக்கமொன்றும் உண்டு. தேநீர் கேட்டு அமர்ந்தவர்முன், கேளாமலே வடை, றோல்ஸ், கட்லட் முதலியன நிறைந்த தட்டொன்று வைக்கப்படும். அத்தனைக்கும் பணம் கொடுக்கவேண்டுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. உண்டவற்றைக் கணக்கிட்டே பணம் பெறுவர். எஞ்சியவை மீண்டும் உள்ளே செல்லும். ஆதலால் உண்ணக் கருதாததைக் கையாலே தொட்டுப் பார்த்தலாகாது. அது அடுத்த மேசைக்குச் செல்லவேண்டிய உணவு.

ஊருக்கு ஊர் சுவையும் வேறுபடும். யாழ்ப்பாணத்தில் உறைப்பு மிக்க நண்டுக்கறி பேர்பெற்றது. கொத்து ரொட்டி கிழக்கிலங்கையிலே தோன்றியதென்பது பொதுவான கருத்து. இன்று தீவெங்கும் மாலைவேளைகளில் இரும்புத் தட்டின்மேல் அதனைக் கொத்தும் ஓசை கேட்கிறது. கொழும்பில் காலிமுகத்திடலில் இறால்வடை விற்கும் வண்டிகளைக் காணலாம். சோற்றையும் கறிகளையும் வாழையிலையிற் பொதிந்து சூளையில் வேகவைக்கும் லம்பிறைஸ், பறங்கியர் சமூகம் இந்நாட்டுக்கு அளித்த கொடை. வடக்கிலே விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்களே சமைத்து விற்கும் ‘அம்மாச்சி’ உணவகங்களில், குரக்கனிலும் உளுந்திலும் செய்த பண்டங்களைச் சூட்டோடு பெறலாம்.

சிறுகடையில் உண்டால் வயிறு கெடும் என்னும் அச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. சமைத்த உணவு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் நோய்க்கிருமிகள் அதிற் பெருகும். ஆகவே கண்ணெதிரே சுடப்பட்டு ஆவி பறக்க வருவது, காலையிலிருந்து கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைவிடப் பாதுகாப்பானது. சனங்கள் நிறைந்த கடையில் உணவு தேங்குவதில்லை. கொதிக்கவைத்த நீரோ மூடி உடைக்கப்படாத போத்தல் நீரோ அருந்துதலும், வெட்டி வைத்த பழங்களையும் பனிக்கட்டியையும் தவிர்த்தலும் நன்று. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உணவுக் கடைகளைச் சோதனையிடும் அதிகாரம் உடையர். எனினும் பரிசோதகர் நாள்தோறும் வரவியலாது. உண்பவரின் கண்ணும் மூக்குமே அன்றாடப் பரிசோதகர்கள்.

இவ்வுணவில் ருசியொன்றே அடங்கியிருக்கவில்லை. பலருடைய சீவனமும் அடங்கியிருக்கிறது. 2018 ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் இங்கு வந்தனர். 2019 ஏப்ரிற் குண்டுவெடிப்புக்களும் 2020 இற் பரவிய கொள்ளைநோயும் அவ்வரவைக் குலைத்தன. 2022 இல் சமையல் எரிவாயு கிடைக்காமையாற் பல சிறுகடைகளின் அடுப்புக்கள் அணைந்தன. 2024 இல் வந்தோர் தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. ஆயினும் பிரயாணிகள் விடுதி மதிலுக்குள்ளேயே உண்பாராயின், அவ்வரவாற் சந்திக் கடைக்கு நன்மை சிறிதே. கடைக்காரர் மீனைத் துறையிலும் மரக்கறியைச் சந்தையிலும் வாங்குகிறார். சில கடைகளுக்கு இடியப்பத்தை வீட்டிலே அவித்துக் கொடுப்பவர் அயலிலுள்ள பெண்ணொருவர். ஒரு தட்டு உணவுக்குக் கொடுத்த பணம் இவ்வாறு பல கைகளுக்குச் செல்கிறது.

விலையை முன்னரே கேட்டறிதல் இருசாராருக்கும் நன்று. அந்நியர் என்பதற்காக அதிக விலை கூறும் கடைக்காரர், ஒருவரிடம் பெற்ற சில ரூபாய்க்காகப் பலருடைய நம்பிக்கையை இழக்கிறார். விலைப்பட்டியலை யாவரும் காணத் தொங்கவிடுதல் அவருக்கே காப்பாகும். கடைக்காரர் சுத்தத்தையும் நேர்மையையும் பேண, வருபவர் அச்சத்தை விட்டு வாங்கில் அமர்வாராயின், இருவருக்கும் இலாபமே.