நடவு இயந்திரம் வந்தாச்சு... நடவாளுக்கு என்ன வேலை?

பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு நாள் முழுக்க நடும் ஒரு ஏக்கரை, நடவு இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆள் கிடைக்காத கவலை உங்களுக்குத் தீர்ந்தது. நடவுக் கூலியை நம்பியிருந்த பெண்களின் நிலை? அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால், நாளை களையெடுக்கவும் ஆள் இருக்காது.

இதற்கான வழி இயந்திரத்திலேயே இருக்கிறது. வழக்கமான நாற்றை அது நடாது. பாய் நாற்று வேண்டும். அந்தப் பொறுப்பை நடவுக் குழுவினரிடமே கொடுங்கள்.

ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். சமப்படுத்திய தரையில் பாலித்தீன் தாளை விரித்து, மரச்சட்டம் வைத்து, சலித்த மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்ப வேண்டும். விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, 24 மணி நேரம் முளைகட்டி, சீராகத் தூவி, மண்ணால் மெல்ல மூடி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். 15 முதல் 18 நாட்களில் நாற்று தயார். விதைப்பு சீராக இல்லாவிட்டால், வயலில் திட்டுத் திட்டாக இடைவெளி விழும். எனவே, கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே இது சரிப்படும்.

பாடுவாசி நிரப்புவது, கோனோவீடர் ஓட்டுவது ஆகியவற்றையும் சேர்த்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பருவத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

வேளாண் உதவி அலுவலர்களே, இயந்திரச் செயல்விளக்கத்துக்கு நிலம் உள்ளவர்களை மட்டும் அழைக்காதீர்கள். நடவாட்களையும் அழைத்து, சட்டத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.