பயம் வந்தாலும் பாதை மாறவில்லை!
சிவகாசியில் உயிர் நீத்த ராக்லண்ட் ஐயர்

பயம் இல்லாத வீடு உண்டா?

பணம் இருப்பவனுக்குத் திருடன் பயம். இல்லாதவனுக்குக் கடன்காரன் பயம். தாய்க்குப் பிள்ளையின் காய்ச்சல் பயம். சிவகாசி வட்டாரத்தில் இன்னொரு பயமும் உண்டு. அது நெருப்புப் பயம்.

அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கிறது. வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். "எந்த ஆலை?" என்பதே முதல் கேள்வி.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி, முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

"பயப்படாதே" என்று சொல்வது எளிது. பயத்தோடு நாளை ஓட்டுவது எப்படி? கிறிஸ்தவ விசுவாசம் அதற்கு ஒரு வழி சொல்கிறது. சிவகாசியிலேயே உயிர் விட்ட ஒருவர் அந்த வழியில் நடந்து காட்டினார்.

கல்லூரியை விட்டார்

அவர் பெயர் தாமஸ் ராக்லண்ட். 1815-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில், 1841-ல் நான்காவது இடம் பெற்றார். கல்லூரியிலேயே நல்ல பதவி கிடைத்தது. கவலை இல்லாத வாழ்க்கை!

அதை விட்டுவிட்டு, முப்பதாவது வயதில் சென்னைக்குக் கப்பல் ஏறினார். சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர் ஆனார். பிறகு அந்த நாற்காலியையும் விட்டார்.

1854-ல் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதிக்கு வந்தார். அன்று சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் இல்லை. பட்டாசுத் தொழிலும் இல்லை. வறண்ட கரிசல் பூமி. ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களுடன் கூடாரத்தில் தங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்.

இரண்டு கவலைகள்

அவரைத் தொடர்ந்து வந்தவை இரண்டு. ஒன்று, நுரையீரல் நோய். இன்னொன்று, "உழைப்புக்குப் பலன் கிடைக்குமா?" என்ற கேள்வி. விதைத்தவர் கண்ணுக்குப் பெரிய அறுவடை தெரியவில்லை.

தானிய மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் பலன் தரும் என்பது ஏசுநாதரின் போதனை. கம்பும் சோளமும் விதைக்கும் கரிசல்காட்டு மக்களுக்கு இது புரியாத பேச்சு அல்ல. அந்தப் போதனையை ராக்லண்ட் பற்றிக்கொண்டார். நோய் போகட்டும், பிறகு வேலை செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

1858-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, சிவகாசியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 43.

அவருடைய வரலாற்றைப் பின்னாளில் எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1931-ல் அந்த அம்மையாரும் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951-ல் கண்மூடும் வரை பெரும்பாலும் படுக்கைதான். படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார்.

ஏசுவும் கலங்கினார்

இவர்கள் கும்பிட்ட தெய்வம் ஆபத்தை அகற்றவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சிலுவைக்கு முந்திய இரவில், கெத்செமனே தோட்டத்தில் ஏசுநாதரே கலங்கினார். சீடர்களைக் கூட விழித்திருக்கச் சொன்னார். எனவே பயப்படுவது பாவம் அல்ல. அதை மூடி மறைத்துத் தனியே சுமக்க வேண்டியதும் இல்லை. கடவுளிடம் சொல்லலாம்; பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லலாம். ஆபத்தே வராது என்பது அல்ல, ஆபத்திலும் தனியாக விடமாட்டார் என்பதே விசுவாசம்.

ஜெபமும் வேண்டும், ஜாக்கிரதையும் வேண்டும்

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. "கோபுரத்தில் இருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள்" என்று சாத்தான் ஏசுவைத் தூண்டினான். அவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்ப்பது பக்தி ஆகாது.

காலையில் ஜெபம் செய்துவிட்டு வேலைக்குப் போகிறவர், மருந்து அறையில் அளவுக்கு மீறி ஆள் சேரவும் விடக்கூடாது. மருந்தைக் குவித்து வைக்கவும் விடக்கூடாது. வெளியேறும் வழியை அடைக்கவும் விடக்கூடாது. ஆலை நடத்துகிறவர் கோவிலுக்குக் காணிக்கை கொடுத்தால் மட்டும் போதாது. தொழிலாளியின் உயிரைக் காக்கும் விதிகளையும் மதிக்க வேண்டும்.

இரவில் வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். மனதில் உள்ள பயத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு கடவுளிடம் ஒப்படையுங்கள். நாளைய பாரம் நாளைக்கு. இன்றைக்குத் தூக்கம் வரும்.