193 ஹெக்டேரும் மீதி 1,822-உம்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்தில் ஒரே நிலம் இரண்டு அரசுகளின் ஏட்டில் இரண்டு விதமாகப் பதிவானது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு எழுதியது: அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் என்ற இரண்டு ஊர்களில் 193.215 ஹெக்டேர், மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 2024 நவம்பர் 7 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் எழுதியது: நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 ஹெக்டேர், ஏலத்தில் தேர்வானது ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம். முதல் பதிவுக்கு இரண்டு வயது நிறைவதற்குள் இரண்டாவது பதிவு அதை விழுங்கியிருந்தது.

ஏக்கரில் சொன்னால் ஊர்க்காரருக்கு விளங்கும். பாரம்பரியத் தலம் சுமார் 477 ஏக்கர். சுரங்கத் தொகுதி சுமார் 4,980 ஏக்கர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சரியாகச் சொன்னால் 9.6 விழுக்காடு.

இந்த 9.6-ஐ எடுத்துப் பேசியதும் அமைச்சகம்தான். எதிர்ப்பு வலுத்து, 2024 டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் போட்ட பிறகு, டிசம்பர் 24-இல் அமைச்சகம் விளக்கம் தந்தது. பல்லுயிர்த் தலம் தொகுதியில் 193.215 ஹெக்டேர் மட்டுமே. அதை விலக்கிவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். கழித்துப் பார்த்தால் மிச்சம் 1,822.295 ஹெக்டேர், ஏறக்குறைய 4,500 ஏக்கர். வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, நாயக்கர்பட்டி எனப் பல ஊர்களின் வயலும் கண்மாயும் மந்தையும் அந்த மிச்சத்துக்குள் வந்தன. மலையை விட்டுவிடுகிறோம், ஊரைக் கொடுங்கள் என்றுதான் அந்தக் கணக்கு ஊர்க்காரர் காதில் விழுந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போனார்கள். ஜனவரி 23-இல் ஏலம் முழுவதுமாக ரத்தானது. ஏல முடிவு வெளியான நாளிலிருந்து 77 நாள். போராட்டம் தொடர்பாகப் போடப்பட்ட வழக்குகளை மாநில அரசு பின்னர் திரும்பப் பெற்றபோது, அவற்றில் சேர்க்கப்பட்டிருந்தவர்கள் 11,000-க்கும் மேல் என்று தெரியவந்தது.

9.6 விழுக்காடு எப்படி 100 விழுக்காட்டையும் பிடித்து நிறுத்தியது? ஊர்கள் எழுந்தன என்பது பாதி விடை. தமிழ்நாட்டில் ஊர்கள் எழுந்தும் நிற்காத திட்டங்கள் நிறைய உண்டு. மீதிப் பாதி, அந்த 193 ஹெக்டேருக்குள் என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே எண்ணி எழுதி வைத்திருந்தது.

எண்ணியதில் சில: ஏழு குன்றுகள். சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் அந்தப் பட்டியலின் முதல் வரிசை. எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. பிறகு நீர்க்கணக்கு: அந்தக் குன்றுகளிலிருந்து இறங்கும் தண்ணீரை நம்பி 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள். அரசின் அறிவிப்பிலேயே உள்ள எண்கள் இவை. என் பார்வையில் இவற்றில் கனமானது 72. வல்லூறு கூடு கட்டும் பாறையைச் சுற்றிக் கோடு போட்டுவிடலாம். மலைமேல் விழுந்த மழை எந்த வாய்க்கால் வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதைக் கோட்டுக்குள் அடைக்க முடியாது. 193-ஐ மட்டும் தனியாக வெட்டி எடுக்கலாம் என்ற டிசம்பர் யோசனையின் ஓட்டை அங்கேதான் இருந்தது.

தொல்லியல் சட்டத்திலும் இதே கோடு போடும் பழக்கம்தான். ஒன்றியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 1992-இல் அறிவிக்கையாக வந்து, 2010 திருத்தத்தில் சட்டத்துக்குள் ஏறியது. ஒரு சின்னத்தை ஒரு புள்ளியாக வைத்து வட்டம் போட்டால், 100 மீட்டர் ஆரத்துக்குப் பரப்பு 3.14 ஹெக்டேர். 300 மீட்டர் வரை போனாலும் 28.3 ஹெக்டேர். டங்ஸ்டன் தொகுதிக்குள் அந்தச் சிறு வட்டத்தின் பரப்பு 640 தடவை அடங்கும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோயில் மதிலுக்குப் பக்கத்தில் மாடி கட்டுகிறவரைப் பயமுறுத்த இது போதும். மலையையே கல்லாக எடைபோட்டு விற்கிறவருக்கு 1 லட்சம் என்பது டீசல் செலவு.

அந்த எடையையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு ஹெக்டேர் பாறையை 10 மீட்டர் ஆழம் வெட்டினால் 1 லட்சம் கன மீட்டர். கிரானைட் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன். ஆக 2.7 லட்சம் டன். 20 டன் ஏற்றும் லாரியில் 13,500 நடை. இதில் பாளமாக விலைபோவது சிறு பகுதிதான். மிச்சம் கழிவுக்கல்லாகக் குவாரி ஓரத்தில் குவியும், பல இடங்களில் வாய்க்காலை மூடிக்கொண்டு.

மேலூர் வட்டாரம் இந்தக் கணக்கை அனுபவத்தில் படித்தது. 2012 மே மாதம் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு இழப்பு 16,338 கோடி ரூபாய் என்று அரசுக்கு எழுதினார். அதே மாதம் மாற்றப்பட்டார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் தந்த அறிக்கையில் இழப்பு 1 லட்சம் கோடியைத் தாண்டியது. எண் இப்படிப் பெருத்ததைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் 16,338 ஆனாலும் லட்சம் ஆனாலும் அது அரசுக்கு வந்திருக்க வேண்டிய பணம். போன குன்றுக்கு அதில் தனி வரி கிடையாது. பணத்தை முழுக்க வசூலித்துக் கருவூலத்தில் கட்டிவிட்டால் அந்த ஏடு நேராகிவிடும், குன்று இல்லாமலேயே.

மேலூரை அடுத்த கீழவளவில் பஞ்சபாண்டவர் மலையென்று ஒன்று நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் குவாரி வெட்டிய ஊர். குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் படுக்கைகள். மேலே விளிம்பில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. அதில் சில எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கின்றன. தொண்டியைச் சேர்ந்த ஓர் அடியவர் செய்து கொடுத்த குகை என்பது செய்தி. கடற்கரைத் தொண்டி எங்கே, மேலூர்ப் பாறை எங்கே. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த நன்கொடைக் கணக்கு ஒற்றை வரியில் நிற்கிறது.

அரிட்டாபட்டியில் இந்த நன்கொடைக் கணக்கு இன்னும் நீளம். கழிஞ்சமலைக் குகையில் இரண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். ஒன்று 1971-இல் கண்டறியப்பட்டது, மற்றது 2003-இல். பக்கத்துப் பாறையில் ஒரு தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம். அதற்குக் கீழே ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய வட்டெழுத்து. மலையின் பெயர் திருப்பிணையன் மலை என்றும், திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்றும், அது பாதிரிக்குடியாரின் பாதுகாப்பில் என்றும் சொல்கிறது. யானைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம் என்று மதுரையைச் சுற்றிப் பல குன்றுகளில் பெயர் விட்டுப் போனவர் இந்த அச்சணந்தி. ஆனால் காவல் பொறுப்பை அவர் தன் பேரில் வைத்துக்கொள்ளவில்லை. அரசன் பேரிலும் எழுதவில்லை. மலையடி ஊரின் பேரில் எழுதினார். இதைத் தவிர, மலையின் இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைவரை ஒன்றும், அதில் தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைக்கும் இலகுலீசர் சிற்பமும் உண்டு.

இத்தனையும் எங்கிருந்து பொதுமக்கள் கைக்கு வந்தன? கல்வெட்டுத் தொகுதிகளில் முன்பே இருந்தவைதான். ராபர்ட் சூவல் பக்கத்து மாங்குளம் கல்வெட்டைக் கண்டது 1882-இல். படித்தவர்கள் சிலர், பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்த நிலையை மாற்றியது, மலையும் கல்வெட்டும் பார்க்கக் கூட்டாக நடந்து போகும் மரபு நடை. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை கிளம்பியது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளப் பாறை. அதன் அடியில் கி.பி. 770-இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில். மேலே சமணச் சிற்பங்கள். ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. அந்தச் சூட்டில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, பிறகு குன்று குன்றாகப் போனது. தொல்லியல் அறிஞர்கள் வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையின் நிழலில் நின்று கல்வெட்டைப் படித்துச் சொன்னார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் கேட்டார்கள். இன்னொரு பக்கம் பறவை பார்க்கிறவர்கள் விடியற்காலையில் வந்து பட்டியலை நீட்டிக்கொண்டே போனார்கள். ஒரு நாள் பார்த்து 250 எழுத முடியாது.

இப்படி ஒரு நடைக்கு என்ன செலவாகும்? மதுரையிலிருந்து 50 பேர் போவதாக வைத்துக்கொண்டு ஒரு கைக்கணக்கு:

இரண்டு வேன் வாடகை, தலா 4,500 — 9,000 ரூபாய்
காலைச் சிற்றுண்டி, தலைக்கு 60 — 3,000
கையேடு அச்சு, 50 பிரதி, 20 ரூபாய் வீதம் — 1,000
சிறிய ஒலிபெருக்கி வாடகை — 1,000
கூட்டுத்தொகை 14,000. தலைக்கு 280.

முன்னே பின்னே இருக்கலாம், இருபதாயிரத்தைத் தாண்டாது. இதில் எழுதாமல் விட்டது அறிஞரின் நேரம், ஊர்ப் பெரியவர் வழிகாட்ட வந்த அரை நாள், இவற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. நடத்துகிறவர்களில் சிலருக்குத் தலைகளை எண்ணுவதில் ஆசை அதிகம்: இந்த மாதம் இத்தனை பேர், அடுத்த மாதம் அதைவிட. எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கையில்லை. குகைத்தளம் 50 பேரைத் தாங்கும். 500 பேர் போனால் அச்சணந்தியின் எழுத்து யார் கண்ணிலும் படாது, தண்ணீர்ப் புட்டிகள் சுனையில் மிதக்கும். படுக்கைகளின் மேல் காதலர் பெயரைக் கொத்தியவர்களும் மலை பார்க்க வந்தவர்கள்தான். நடையின் வரவில் வைக்க வேண்டியது வேறு: புதிதாகப் பார்த்த பறவை எத்தனை, படியெடுத்த கல்வெட்டு எத்தனை, எதை எங்கே பார்த்தோம் என்று கிராம சபையில் எழுந்து சொல்லக்கூடிய உள்ளூர் ஆள் எத்தனை. 77 நாளில் மலையைக் காத்தவர்கள் நடைக்குப் போன நகரத்தார் என்று எழுதினால் அது அபாண்டம். காத்தவர்கள் மலையடியில் குடியிருப்பவர்கள். நடை அவர்கள் கையில் கொடுத்தது ஆவணம்.

டங்ஸ்டன் தேவையில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 3,422 பாகை செல்சியஸில் உருகும் உலோகம், வெட்டுக்கருவி முதல் ராணுவத் தளவாடம் வரை பயன்படுவது. உலக உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சீனாவிடம். தட்டுப்பாட்டுக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023 சட்டத் திருத்தத்தில் ஒன்றிய அரசு தன்னிடமே எடுத்துக்கொண்டதற்கு அந்தக் கவலை ஒரு காரணம். கவலை நியாயமானதே. தொகுதியின் எல்லையை வரையும்போது, அதற்குள் சட்டப்படி அறிவிக்கப்பட்ட தலம் ஒன்று இருப்பதைக் கண்ட பிறகும் ஏலத்துக்கு விட்டதுதான் நியாயமில்லாதது.

இனி நிலுவை. ஏல ரத்து ஓர் ஏலத்தைத்தான் ரத்து செய்தது. 1,822 ஹெக்டேரின் வகைப்பாட்டில் அது எதையும் சேர்க்கவில்லை. பாதுகாப்புக் கோட்டுக்குள் இருப்பது பழைய 193 மட்டுமே. அரிட்டாபட்டிக்குப் பிறகு 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காடு 4.97 ஹெக்டேர், ஈரோடு மாவட்டம் எலத்தூர் ஏரி 37.42 ஹெக்டேர் எனப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்கள் சேர்ந்தன. மூன்றையும் கூட்டினால் 236 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டின் பரப்பு 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர். லட்சம் ஹெக்டேருக்கு 1.8 ஹெக்டேர் வீதம் வருகிறது.

மேலூர்க்காரர்கள் கேட்பது, காவிரி டெல்டாவுக்கு 2020-இல் வந்ததைப் போல ஒரு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அதில் மலையும் குகையும் கல்வெட்டும் சேர்ந்ததாக. டெல்டாச் சட்டம் மாவட்டம், ஒன்றியம் என்று எழுதப்பட்டது. வட்டம் போட்டு எழுதப்படவில்லை. இங்கேயும் அப்படி எழுத வேண்டுமானால் 72 ஏரிகளின் வரத்துக் கால்வாய்களிலிருந்து எல்லையைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்தக் கால்வாய்கள் கிராமக் கணக்குகளில் புல எண்ணோடு ஏற்கெனவே இருக்கின்றன.