இலக்கண வாத்தியார் கட்டிய பாலைவனக் கோட்டை

சென்ற தீபாவளிக்கு ஆலங்குளத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். ஐப்பசி மழையில் கரிசல் மண் களியாகிக் கிடந்தது. ஆனால் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைகளா அவர்கள்? ஆளுக்கொரு கேப்புத் துப்பாக்கியுடன் கண்மாய்க் கரையில் யுத்தம் தொடங்கிவிட்டார்கள்.

கரையின் மேல் நிற்பவர்கள் கோட்டைச் சிப்பாய்கள். கீழே சேற்றில் ஓடி வந்து, சுடப்பட்டு, விழ வேண்டியவர்கள் எதிரிகள். எதிரியாக இருக்க ஒருவனும் சம்மதிக்காததால், அந்தப் பதவி இருப்பவர்களுள் சிறியவனுக்கே வாய்த்தது. மூன்று முறை செத்துப் பிழைத்த பிறகு அவன் திண்ணைக்கு வந்து, "தாத்தா, அவங்களுக்கெல்லாம் பேரு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் பேரு இல்லை?" என்று கேட்டான். நமக்குப் பதில் தோன்றவில்லை.

விசாரித்ததில், பெரிய பையன் தன் மாமாவின் கைபேசியில் பழைய அமெரிக்கப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது. கதையைக் கேட்டவுடனேயே புரிந்துவிட்டது: 'போ ஜெஸ்ட்'!

1939-ம் ஆண்டில் வில்லியம் வெல்மன் டைரக்ட் செய்து, காரி கூப்பர் நடித்த படம் அது. அதற்கு முன்பே 1926-ல் ரொனால்ட் கோல்மன் நடிக்க, ஊமைப் படமாக வந்திருந்தது. மூன்று இங்கிலீஷ் சகோதரர்கள். வீட்டில் விலை மதிப்பற்ற நீலக்கல் ஒன்று காணாமற்போகிறது. பழியைத் தம்மீது போட்டுக்கொண்டு மூவரும் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து ஸஹாராவுக்குப் போகிறார்கள். அங்கே மணற்கடலின் நடுவே ஒரு கோட்டை. நாற்புறமும் எதிரிகள். சிப்பாய்கள் ஒவ்வொருவராக மடிய, கொடுமைக்கார ஸார்ஜண்டு அந்தப் பிணங்களையே துப்பாக்கியுடன் மதில் இடுக்குகளில் சாய்த்து நிறுத்துகிறான். கோட்டை நிறைய ஆட்கள் இருப்பதாக எதிரி எண்ண வேண்டுமல்லவா? பார்ப்பவர் மயிர்க்கூச்செறியும் கட்டந்தான். அதை ரஸிக்கவில்லை என்று சொன்னால் நாம் பொய்யர்களாவோம்.

ஸஹாரா என்று நாம் கண்டு மயங்கிய மணல் அமெரிக்காவில், அரிஸோனாவைச் சேர்ந்த யூமா நகருக்கு அருகிலுள்ள மணல் மேடு. அது போகட்டும். இந்தக் கதையை எழுதியவர் யார் தெரியுமா? பெர்ஸிவல் கிறிஸ்டபர் ரென். நாவல் வெளியான ஆண்டு 1924. பெயரை எங்கோ கேட்டாற் போலிருக்கிறதா? அலமாரியைத் திறந்து பாருங்கள். நாம் தங்கிய வீட்டிலேயே, அட்டை கிழிந்து, மூன்று தலைமுறைக் கையெழுத்துக்களைச் சுமந்தபடி இருந்தது, 'ரென் அண்ட் மார்ட்டின்' இங்கிலீஷ் இலக்கணம். ஆம், அதே ரென்தான்!

1875-ல் பிறந்த ரென், 1903-ல் இந்தியாவுக்கு வந்து கல்வி இலாகாவில் சேர்ந்து, கராச்சியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அந்நியப் படையில் தாமும் சேவை செய்ததாகச் சொல்லிக்கொண்டார். அதற்குத் திடமான சான்று எதுவும் இதுவரை அகப்படவில்லை. இந்தியப் பள்ளிக்கூடங்களில் அவர் உழைத்ததற்கோ சான்று தேட வேண்டியதில்லை. எழுவாய் இது, செயப்படுபொருள் இது என்று நம் தகப்பனாருக்கும் நமக்கும் நம் பிள்ளைக்கும் கற்பித்தவர் அவர். அவருடைய கோட்டைக் கதையில் எழுவாயெல்லாம் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே இருப்பவர்கள் சுடப்படுகிற செயப்படுபொருள் மட்டுமே. அந்த மணல் அவர்களுடைய நாடு, கோட்டைதான் அந்நியருடையது என்ற விஷயம் கதையில் யாருக்கும் உறைப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. நாவலின்படி, சகோதரர்கள் பாலைவனத்துக்கு ஓடக் காரணமான அந்தக் கல் வெறும் போலி. அசலை அவர்களுடைய அத்தை வெகு முன்பே ஓர் இந்திய மகாராஜாவின் வக்கீலிடம் இரகசியமாக விற்றுவிட்டாள்!

இத்தகைய படங்களை அக்காலத்து இந்தியர் வாய் பொத்திப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1938-ல் கோர்டா கம்பெனியார் எடுத்த 'தி டிரம்' வந்தது. மைசூர் யானைப் பாகனின் பிள்ளை ஸாபு அதில் வெள்ளைக்காரருக்குத் துணைபோகும் ராஜகுமாரன். பம்பாயில் அதை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. சென்னையிலும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டில் வந்த 'கங்கா தின்' படத்தில், துரைமார் படைக்காகத் தன் உயிரையே கொடுக்கும் இந்தியத் தண்ணீர்க்காரனாக நடித்தவர், நியூயார்க்கில் பிறந்த ஸாம் ஜாஃபே. நமது எல்லைப்புற மலைகளாகக் காட்டப்பட்டவை கலிபோர்னியாவின் குன்றுகள். பம்பாயிலும் வங்காளத்திலும் அந்தப் படத்தைத் தடை செய்தார்கள்.

'போ ஜெஸ்ட்' விஷயத்திலும் மனஸ்தாபம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். பாலைவனத்து மக்களுக்காக அல்ல, பிரான்ஸுக்காக! 1926-ல் லெஜோன் என்ற பெயருடன் இருந்த கொடிய ஸார்ஜண்டு, 1939-ல் மார்க்கோஃப் என்ற ரஷியனாகிவிட்டான். பிரெஞ்சுக்காரர் மனம் நோகக் கூடாதென்றே இந்த மாற்றம் என்பார்கள். மதிலுக்கு வெளியே செத்து விழுந்தவர்களுக்காக முறையிடவோ அன்று ஒரு ஸர்க்காரும் இல்லை. நைஜர் 1960-லும் அல்ஜீரியா 1962-லும்தான் சுதந்தரம் பெற்றன.

இவ்வளவையும் அந்தச் சிறுவனிடம் எப்படிச் சொல்வது? அன்று மாலை அவனை அருகில் அழைத்து, "உன் கட்சிக்குப் பேர் துவாரெக்" என்றோம். ஒட்டகமேறி ஸஹாராவைக் கடக்கிறவர்கள்; தங்களுக்கென்று 'டிஃபினாக்' என்ற எழுத்தை உடையவர்கள்; அவர்களில் முகத்தை மறைத்துத் துணி கட்டுகிறவர்கள் ஆண்கள்தாம், பெண்கள் அல்ல; அந்தத் துணிக்கு ஏற்றுவது அவுரி நீலம் என்றெல்லாம் விவரித்தோம். அவன் கண்கள் அகல விரிந்தன.

மறுநாள் காலையில் பாட்டியின் நீலப் புடவையைக் காணோமென்று வீட்டில் ஒரே கூச்சல். கண்மாய்ப் பக்கம் போய்ப் பார்த்தோம். கரையின் மேல் ஒரே ஒரு சிப்பாய்தான் நின்றுகொண்டிருந்தான், அதுவும் அழாக்குறையாக. மற்றவர்கள் அனைவரும் கீழே சேற்றில் நின்று, தங்களுக்கும் ஒரு முழம் கிழித்துத் தரும்படி சின்னப் பயலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.