வளையும் கம்பு, உயரும் பிள்ளைகள்

கல்லூரிக் காலத்தில் போல் வால்ட் (கம்பு ஊன்றி உயரம் தாண்டுதல்) தாண்டியவன் நான். இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்டு இல்லாத நேரத்தில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குக் கோச்.

“மாஸ்டர், கம்பு உடைஞ்சிடாதா?” புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். வளைவதற்காகவே செய்த கம்பு அது. மூங்கில் கம்பை ஊன்றி 1942-ல் அமெரிக்காவின் வார்மர்டாம் 4.77 மீட்டர் தாண்டினார். 1960-களில் கண்ணாடியிழைக் கம்பு பரவியது. ஓடிவரும் வேகத்தை இது வளைந்து வாங்கிக்கொள்ளும். நிமிரும்போது ஆளை மேலே தூக்கிவிடும். சுவீடனின் டுப்ளாண்டிஸ் 2025-ல் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தது இத்தகைய கம்பால்தான்.

ஒவ்வொரு கம்புக்கும் எடைக் கணக்கு உண்டு. 45 கிலோ பிள்ளையிடம் 70 கிலோ ஆளுக்கான கம்பைக் கொடுத்தால் வளையாது. ஆளின் எடை கூடியிருந்தால் கம்பு முறியவும் கூடும். பிள்ளை வளர வளரக் கம்பும் மாற வேண்டும். பெரிய செலவு இதுதான்.

நான் மணல்குழியில்தான் ஆரம்பிப்பேன். வலது கை மேல்பிடி என்றால் இடது காலால் உந்த வேண்டும். கம்பை ஊன்றும்போது வலது கை முழுதாக நீண்டு, உந்தும் காலுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஓரடி உள்ளே போய் மிதித்தாலும் கம்பு தோளை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும். ஆறு எட்டு வைத்து ஓடி, ஊன்றி, இரண்டு காலில் மணலில் நிற்கப் பழகிய பிறகே அடுத்த பாடம். கயிறு ஏறுவதும் தலைகீழாகக் கையில் நிற்பதும் தினப்படி.

உயரம் பழக மணல் போதாது. கனத்த மெத்தை வேண்டும். கம்பை ஊன்ற, தரையில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பதித்த பாக்ஸ் வேண்டும்.

இந்த விளையாட்டில் தமிழ்நாட்டுப் பெண்கள் நாட்டுக்கே முன்னோடிகள். 2014-ல் வி.எஸ்.சுரேகா 4.15 மீட்டர் தாண்டி வைத்த தேசிய சாதனையை, 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் 4.20 தாண்டி முறியடித்தவர் ரோஸி மீனா பால்ராஜ். அவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். ஒலிம்பிக்கில் பெண்கள் போல் வால்ட் வந்ததே 2000-ல், சிட்னியில்.

கம்பு, மெத்தைச் செலவுக்கு ஒரு வழி உண்டு. 2013 கம்பெனிகள் சட்டம் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்த்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை நிறுவனங்கள்! அவர்களிடம் கேட்பது ஒரு மெத்தை, ஒரு பாக்ஸ், வெவ்வேறு எடைக்குச் சில கம்புகள். பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: பெண்பிள்ளைகளையும் தயங்காமல் மைதானத்துக்கு அனுப்புங்கள்.