இருபக்கச் சூரியப்படலும் நிலத்தின் நிறமும்

மாணவர்களே, "இருபக்கச் சூரியப்படல் இருமடங்கு மின்னைத் தரும்" என விடை எழுதுவோர் பலர். இது தவறாகும். படலின் பின்பக்கம் பெறுவது பெரும்பாலும் நிலத்தில் பட்டுத் தெறித்த ஒளியையே. எனவே அப்பக்கத்தின் பயனைத் தீர்மானிப்பது கீழேயுள்ள நிலமாகும்.

பாலாவி உப்பளத்தில் நண்பகலில் நின்றவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். தொப்பி அணிந்திருந்தாலும் கண் கூசும். ஒளி கீழிருந்து வருகிறது. உலர்ந்த வெண்ணுப்பு தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ அரைவாசியைத் தெறிக்கச் செய்கிறது. புற்றரை தெறிக்கச் செய்வது ஏறத்தாழ ஐந்திலொன்றையே. ஆனால் அதே உப்பளத்தில் உவர்நீர் நிற்கும் பாத்தி, சூரியன் உச்சியிலுள்ளபோது ஒளியின் பெரும்பகுதியை உள்வாங்கிவிடும். ஆகவே "உப்பளம் வெண்மையானது" என்று மட்டும் எழுதினால் போதாது.

ஒருபக்கப் படலில் சிலிக்கன் கலத்தின் பின்புறத்தை அலுமினியப் படையும், அதன் பின்னால் ஒளிபுகாத் தாளும் மூடியிருக்கும். இருபக்கப் படலில் பின்புற உலோகம் மெல்லிய கோடுகளாக இடப்பட்டு, தாளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் கண்ணாடி பொருத்தப்படும். அதனால் நிறை கூடும். பின்பக்க வினைத்திறன் முன்பக்கத்தின் 70 - 80% அளவாகும்.

ஓர் உதாரணம்: 2 சதுர மீற்றர் பரப்புடைய படலின் முன்பக்க வினைத்திறன் 20%, பின்பக்க வினைத்திறன் 14% எனக் கொள்வோம். முன்பக்கத்தில் சதுர மீற்றருக்கு 1000 வாற்று விழுந்தால், கிடைக்கும் வலு 2 × 1000 × 0.20 = 400 வாற்று. புற்றரைக்கு மேல் பின்பக்கம் சதுர மீற்றருக்கு 100 வாற்றுப் பெறுமாயின், 2 × 100 × 0.14 = 28 வாற்று மேலதிகமாகக் கிடைக்கும். இது 7% மட்டுமே. வெண்ணிலத்தின் மேல் 200 வாற்றுப் பெற்றால் மேலதிக வலு 56 வாற்று.

புற்றரை 200 வாற்றைத் தெறிக்கச் செய்தும் பின்பக்கத்துக்கு 100 மட்டும் கிடைப்பது ஏன்? படலின் நிழல் அதன் கீழேயே விழுகிறது. 1982 இல் ஸ்பெயினில் அந்திரேஸ் குவேவாசும் கூட்டாளிகளும் வெண்பரப்புகளின் உதவியால் ஒரு படலில் 50% கூடுதல் வலுவைப் பெற்றுக் காட்டினர். பெரிய மின்நிலையத்தில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. அங்கே வரிசைக்குப் பின் வரிசை நிழல் வீழ்த்தும். இதனாற்றான் படல்களை உயர்த்தி, வரிசைகளுக்கிடையே இடைவெளி விடுகின்றனர். ஓட்டுக்கூரையுடன் ஒட்டினாற்போல் பொருத்தினாலோ, பின்பக்கத்துக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

2024 இல் மின் வழங்கத் தொடங்கிய குஜராத்தின் காவ்டா மின்நிலையம் கச் உவர்நிலத்தில் இருபக்கப் படல்களைப் பயன்படுத்துகிறது. பாலாவியிலும் திறந்த உவர்நிலமாயின் அதுவே பொருத்தமானது. பற்றைக்காட்டு நிலமாயின் விலை வேறுபாட்டைக் கணித்தே முடிவு செய்ய வேண்டும். வெண்சரளை பரப்பலாம், ஆனால் மாரி மழைக்குப் பின் புல் முளைத்து அதை மூடிவிடும். கடற்காற்றின் உப்பு இருவகைப் படல்களின் சட்டங்களையும் தாங்கிகளையும் அரிக்கும் என்பதையும் விடையில் சேருங்கள்.

பயிற்சி: மேற்படி படலின் பின்பக்கம் சதுர மீற்றருக்கு 150 வாற்றுப் பெறின், மேலதிக வலு யாது? (விடை: 42 வாற்று)